காலை வோல்டேஜ்

ஜனவரி 8, திங்கள்
பட்டறையில் இரண்டு செல்ஃப் மோட்டார், ஒரு ஹாரன். மதியம் அத்தை போன் செய்தார். என் மனைவி அம்மா வீட்டுக்குப் போய் ஆறு வாரம். அங்கிருந்து வந்த முதல் அழைப்பு. அவளுக்கு வேலையில் வேறு ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை காரிலேயே கிளம்புகிறாளாம். வண்டி காலையில் இன்னும் முரண்டு பிடிக்கிறது, ஒரு எட்டு வந்து பாருங்கள் மாப்பிள்ளை என்றார். மாப்பிள்ளை என்றுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மாலை வரை வேலை பார்த்தேன்.

ஜனவரி 9
எழுதித் தொலைக்கிறேன். வேறு யாரிடம் சொல்ல?

குளிர் தொடங்கியபோதே சொன்னாள், காலையில் ஸ்டார்ட் செய்தால் விளக்கு மங்குகிறது என்று. மூன்று முறை காரைப் பட்டறைக்கு ஓட்டி வந்தாள். மூன்று முறையும் என் மீட்டரில் 14.1 வோல்ட். எஞ்சின் ஓடும்போது பதினான்கு காட்டினால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறது. பன்னிரண்டிலேயே நின்றால் ஏறவில்லை. எனக்கு அது போதும். அப்புறம் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன மீட்டரை அவளே வாங்கி, காலையில் 12.3 காட்டுவதைப் படம் பிடித்து நீட்டினாள். பொம்மை மீட்டர் என்று சிரித்தேன். நீதான் விளக்கை அணைக்காமல் விட்டிருப்பாய் என்றேன்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. இருபது வருட எலக்ட்ரீஷியன்!

அவள் அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று அத்தை கூப்பிட்ட காலையில் கார் எழும்பவில்லை. பேட்டரி காலி. நான் அதற்குள் பட்டறைக்குப் போயிருந்தேன். பஸ் பிடித்துப் போனாள். போய்ச் சேர்வதற்கு இருபது நிமிடம் முன்னால் மாமா போய்விட்டார்.

அவள் என்னிடம் கத்தவில்லை. "மூணு தடவை சொன்னேன்," என்றாள். அவ்வளவுதான். காரியம் முடிந்ததும் வந்து காரை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கே போய்விட்டாள்.

ஜனவரி 10
நாளை காலை ஆறு மணிக்கு அத்தை வீடு. யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 11, வியாழன்
பானெட் முழுக்கப் பனி. மாமாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து சாவியைக் கொடுத்தாள்.

நிறுத்திய வண்டியில் 12.5. ஸ்டார்ட் செய்ததும் 12.2. விளக்கைப் போட்டால் 11.9. அவளுடைய பொம்மை மீட்டரைச் செருகிப் பார்த்தேன். அதுவும் அதையேதான் காட்டியது. பெல்ட் நழுவவில்லை. எர்த் வயரைச் சுரண்டி மாட்டினேன், மாற்றமில்லை. கால் மணி நேரம் ஓடியது. திடீரென்று 14.1.

வீட்டிலிருந்து பட்டறைக்கு இருபத்தைந்து நிமிடம். ஓடிச் சூடேறிய வண்டியைத்தான் மூன்று முறையும் பார்த்திருக்கிறேன். காலையில ஒரு நாள், ஒரே ஒரு நாள், வீட்டு வாசல்லயே மீட்டர் வச்சுப் பார்த்திருந்தா... பாவி. அவள் அலுவலகம் பத்து நிமிடத் தூரம். தினமும் சார்ஜ் ஏறாமலேயே போய் வந்திருக்கிறாள்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்றினேன். உள்ளே சுழலும் உருளையைத் தொட்டபடி இருக்க வேண்டிய இரண்டு கார்பன் கட்டைகளும் சுண்டுவிரல் நகமளவுக்குத் தேய்ந்து போயிருந்தன. குளிரில் சரியாகத் தொடாது, சூடேறினால் தொடும். அரை மணி நேர வேலை.

பேட்டரிதான் பழசு என்று சொல்லி, கார்பனை அப்படியே விட்டால்? மறுபடியும் கூப்பிடுவாள். நினைத்தேன். எழுதக் கூசுகிறது, ஆனாலும் நினைத்தேன். பிறகு புதுசைப் போட்டேன். இன்னொரு காலையில் அவள் பஸ்ஸுக்கு ஓடக் கூடாது.

"நீ சொன்னதுதான் சரி. நான்தான் ஒழுங்காப் பார்க்கல," என்றேன்.

தேய்ந்த கார்பன்களை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

கருவிகளைப் பெட்டியில் அடுக்கினேன். கிளம்பும்போது, ஏழு நாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மீட்டரைப் பார்த்து எனக்கு அனுப்பு என்றேன். தலையை ஆட்டினாள்.

ஜனவரி 12
14.2 என்று வந்தது. வேறு எதுவும் எழுதவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு
14.2. கிளம்பிவிட்டாள். அத்தை சொன்னார்.

ஜனவரி 15
"14.1. இங்க குளிர் அதிகம்."
இங்க குளிர் அதிகம்! இந்த மூன்று சொல்லை எத்தனை முறை படித்தேன் என்று யாருக்காவது தெரிந்தால் சிரிப்பார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்று அடித்து, அழித்துவிட்டேன்.

ஜனவரி 17
14.2. டாக்சிக்காரர் ஒருவர் வந்தார். காலையில் மட்டும்தான் தொந்தரவாம். நான் மீட்டர் வைத்துப் பார்க்கவே இல்லை. வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், விடிந்ததும் பார்க்கிறேன் என்றேன்.

ஜனவரி 18
"14.2. ஏழு நாள் ஆச்சு."
ஒரு மாசம்னு சொல்லியிருக்கலாமே. யார் கேட்டா? ஏன் ஏழு நாள்னு சொன்னேன்?

ஜனவரி 19
ஆறு மணியிலிருந்து போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எட்டு வரைக்கும் ஒன்றும் வரவில்லை. வண்டி சரியாகிவிட்டது.