தேர்ச் சில்லருகே ஒரு கறை

ஆனி 3, திங்கள்

கச்சான் காற்று. காலை எட்டு மணிக்கே மண் சுடுகிறது. பூசை, பாராயணம், பிறகு புறப்பாடு. செய்ய வேண்டியவை: கும்பாபிஷேக மலருக்கான படம்; வில்வம்; மூக்குக்கண்ணாடிக் காலுக்கு ஆணி. மூன்றாவது நடக்கவில்லை.

படம், நம் கோயிலின் பழைய தேரோட்டம். கடல்கோளில் நனைந்து சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிப்போனது. வேறு பிரதி இல்லை. வலப்பக்கச் சக்கரத்தில், சில்லருகே, உள்ளங்கையளவு பழுப்புக் கறை. துறைமுகப் பக்கத்து ஸ்ரூடியோவில் கணினி வேலை பார்ப்பவர் நிஸ்மியா; இரு பிள்ளைகளின் தாய்; கிண்ணியாவிலிருந்து 'பாதை' என்னும் மிதவையேறி நீர் கடந்து வருபவர். கண்ணாடியோடு அப்படியே வைத்துப் படியெடுத்தார்.

அங்கே ஒருவர் மனைவியிடம்: "அடையாள அட்டைப் படத்துக்குச் சிரிக்கப்படாதாம். நீ பக்கத்தில நிண்டா எனக்கு எங்கால சிரிப்பு வரும்?"

ஆனி 4, செவ்வாய்

அற்புதம். நிஸ்மியா கணினியில் படத்தைத் திருத்துவதை இரண்டரை மணி நேரம் பார்த்திருந்தேன்.

குளோன் என்னும் கருவி: ஆல்ட் விசையை அழுத்தி நல்ல இடமொன்றைத் தொட வேண்டும். பிறகு பழுதான இடத்தில் தடவினால் நல்ல இடம் அங்கே வந்து அமர்கிறது. ஹீலிங்: வேறிடத்து இழையைக் கொணர்ந்து, சேரும் இடத்தின் நிறத்தையும் ஒளியையும் பூசிக்கொள்கிறது. முன்னது பெயர்த்தெழுதுதல், பின்னது உரையாசிரியர் நயத்தோடு இணக்குதல். வானத்துக் கீறல்கள் சுவடின்றி மறைந்தன. தடவியதில் தேரின் கொடி ஒன்று இரண்டானதைக் கண்டு சொன்னேன்.

"மாஸ்டர்ட கண்ணுக்குத் தப்பாது. நீங்களே ஒருக்காப் பிடிச்சுப் பாருங்களன்" என்றார் நிஸ்மியா. ஏதோ இரண்டு பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து இடம் தந்தார்.

மௌஸ் என் கையில். கறையின் ஓரத்தில் குனிந்த முதுகும் ஒரு காதுமாகப் பாதி ஆள். யாரென்று தெரியவில்லை, அழகைக் கெடுத்தது. மணலைத் தொட்டுக் கறையோடு அவரையும் மூடினேன். வடக்கயிற்றின் ஒரு முழத்தை அவர் தலைமேல் பெயர்த்து வைத்தேன். கைநடுக்கம் இருந்தும் நேர்த்தி. சிறுபிள்ளை போல மகிழ்ந்தேன். சேமித்தாயிற்று.

ஆனி 6, வியாழன்

மூலப்படத்தை வாங்கி வரும் வழியில் சோதனைச் சாவடி. பையைத் திறக்கையில் கைதவறிச் சட்டகம் தார்த் தெருவில் விழுந்தது. படம் கண்ணாடியோடு சேர்ந்து துண்டு துண்டு. பெரிதாக வருந்தவில்லை. கணினியில்தான் இருக்கிறதே, அதுவும் கறையின்றி.

ஆனி 7, வெள்ளி

சாம்பல்தீவிலிருந்து நாகம்மா, கோயிலுக்குப் பூவோடு. முன்பு தேர்ச் சில்லுக்கு முட்டுக்கட்டை போட்டவரின் மனைவி. அவர் காலமாகிப் பல வருடம்.

"ஐயா, தேர்ப் படம் புத்தகத்தில வருதாமே? எங்கட ஆள் அதில இருக்கிறார். சில்லுக்குக் கிட்டக் குனிஞ்சபடி. வீட்டில இருந்த படமெல்லாம் கடல் கொண்டு போட்டுது. ஒருக்காக் காட்டுவியளோ?"

"அடுத்த கிழமை" என்றேன். மாலைப் பூசையில் மந்திரம் இருமுறை தவறியது.

ஆனி 8, சனி

ஸ்ரூடியோ பூட்டு. பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர்: "துறை மூடியாச்சு மாஸ்டர். பாதை ஓடேல்ல. எப்ப விடுவாங்களோ, ஆருக்குத் தெரியும்?"

உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிப் பார்த்தேன். சில்லிருந்த இடம் பொடி.

செல்லரித்த ஏட்டைப் பதிப்பிப்போர் இழந்த எழுத்துக்குப் புள்ளியிட்டு விடுவர்; தம் சொல்லால் நிரப்பார். நாற்பது வருடம் வகுப்பில் இதைச் சொன்னவன் நான். கையில் மௌஸ் வந்ததும் ஒரு மனிதன்மேல் மணலை அள்ளிப் போட்டேன். சேமித்தபின் பழையது மீளுமா? கேட்க ஆளில்லை.

ஆனி 10, திங்கள்

துறை இன்றும் மூடியிருக்கிறது. வில்வம் கிடைத்தது.

ஆனி 11, செவ்வாய்

பாதை ஓடுகிறது. நாகம்மாவையும் அழைத்துச் சென்றேன். வழியிலேயே செய்ததைச் சொல்லிவிட்டேன். அவர் நடையை விரைவாக்கினார்.

நிஸ்மியா சிரித்துவிட்டார். "மாஸ்டர்ட கைநடுக்கம் எனக்குத் தெரியாதா? மேல வெறும் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு லேயர் போட்டுத்தான் உங்கள விட்டன். நீங்க பூசினதெல்லாம் அதிலதான்."

திரையோரம் சின்னஞ்சிறு கண் வடிவம். அதைத் தொட்டார். மணல் போயிற்று, கயிறு போயிற்று. கறை வந்தது. கறையின் ஓரத்தில் முதுகும் காதும். ஒரு கறையைக் கண்டு கைகூப்பியது வாழ்நாளில் இன்றே.

நாகம்மா திரைக்கு முகத்தைக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "கடுக்கன் தெரியுது" என்றார்.

நிஸ்மியாவுக்கு மனம் இளகிவிட்டது. "உம்மா, வேணுமெண்டா பக்கத்தில நிக்கிறவர்ட கன்னத்த எடுத்து மிச்ச முகத்தையும் நிரப்பித் தரட்டா? வித்தியாசமே தெரியாது."

"வேண்டாம் மகள். ஆரோ ஒருத்தர்ட கன்னத்தோட அவர் எனக்கு என்னத்துக்கு?"

கறையோடு இரண்டு பிரதி. ஒன்று அச்சகத்துக்கு, ஒன்று சாம்பல்தீவுக்கு. மூக்குக்கண்ணாடிக் காலுக்கு ஆணி இன்றும் மறந்துபோயிற்று.