பிந்திப் போன அறிவித்தல்

அக்கா,

இன்று காலை, வேலைக்குப் புதிதாக வந்த பெண் ஒரு படிவத்தை என் மேசையில் வைத்து, "இதை நிரப்பாமல் விடலாமா?" என்று கேட்டாள். 'பிள்ளைக்குப் பூர்வகுடி உறவு உண்டா?' என்ற கேள்வி. அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

லீயாவின் தாயால் அவளைப் பராமரிக்க முடியாமல் போனபோது, எங்கள் சிறுவர் பாதுகாப்பு அலுவலகம் வளர்ப்புத் தாயான உங்களிடம் அவளைத் தந்தது. அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. கோப்பைத் திறந்தவள் நான். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த உங்கள் வீட்டுக்கு நான் வரும்போதெல்லாம் உங்கள் இடுப்பில்தான் இருப்பாள். கார்டெரி என்ற பகல்நேரப் பிள்ளைகள் காப்பகத்தில் பிரெஞ்சு, உங்களிடம் "அம்மா, சோறு". "பாரும், என்னைவிட உறைப்புத் தின்னுறாள்" என்று சிரிப்பீர்கள்.

மூன்றாம் வருடம், அவளை நிரந்தரமாக வளர்க்க நீதிமன்றத்தில் கேட்டீர்கள். அன்று அவளுடைய தாயும் வந்திருந்தாள். "என் அம்மா வடக்கே கிரீ பூர்வகுடி ஊர்க்காரி. முதல் நாளே சொன்னேனே" என்றாள். பூர்வகுடிப் பிள்ளையை வேறிடத்தில் விடுவதற்கு முன் அவர்களுடைய சமூகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். "அறிவித்தீர்களா?" என்று நீதிபதி கேட்டார். எங்கள் வழக்கறிஞர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார்.

பிறகுதான் கடிதம் போனது. சில வாரங்களில் தாயின் சித்தி வந்து நின்றார். "இப்படி ஒரு பிள்ளை இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே வந்திருப்பேன்" என்றார். நீதிபதி பிள்ளையை அவரிடமே கொடுத்தார். ஒப்படைத்த நாளில், லீயா தண்ணீருக்கு என்ன சொல்வாள் என்று அவர் உங்களிடம் கேட்டார். "தண்ணி" என்றீர்கள். அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். லீயா உங்கள் சட்டையை விடவில்லை. விரல் விரலாக நீங்களே பிரித்துவிட்டீர்கள்.

திரும்பும்போது மெட்ரோவில் சொன்னீர்கள்: "அந்த மனிசியிலை பிழையில்லை. முதலே தெரிஞ்சிருந்தா என்னை அம்மா எண்டில்லாமல் அன்ரி எண்டு கூப்பிடப் பழக்கியிருப்பன். பிள்ளைக்கு இவ்வளவு நோகாது." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "தாய் ஆரிட்டையாம் சொன்னவ? உமக்குத் தெரியுமோ?"

"தெரியாது அக்கா" என்றேன்.

என்னிடம்தான் சொன்னாள். அழுதழுது சொன்னாள். குடும்பப் பெயர் பிரெஞ்சாக இருந்தது. பேந்து விசாரிப்போம் என்று படிவத்தில் அந்தக் கேள்வியை நிரப்பாமல் விட்டேன். விசாரிக்கவே இல்லை. அந்தக் கிழவி தன் பேத்தியை மூன்று வருடம் இழந்ததும், நீங்கள் ஒரு மகளை இழந்ததும் என்னால்தான்.

போன குளிர்காலத்தில், ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் கண்ணைத் திறந்து, "சாப்பிட்டீரோ?" என்று கேட்டீர்கள்.

ஓம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதுதான் உங்களை நான் கடைசியாகப் பார்த்தது. அன்று நான் சாப்பிட்டிருக்கவும் இல்லை, அக்கா.