பிலாத்து வாந்தியெடுத்த காரணம்

தெல்லிப்பழை
14.2.1972

அன்புள்ள மகள் சீலாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகம், லண்டன் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறோம். சுகமில்லாமல் இருந்தது உன் பூனைதான். வேதத்தில் வரும் பிலாத்துவைப் போல எந்நேரமும் கை கழுவுகிறான் என்று அதே பெயர் வைத்தாயே, இப்போது கழுவியதைவிட வாந்தியெடுத்ததே அதிகம். கிழமையில் நாலு நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு. இரண்டு கிழமைக்கு முன், ஆராதனைக்கென்று மினுக்கி வைத்த அப்பாவின் சப்பாத்துக்குள்ளேயே எடுத்துவிட்டான். அடுத்த சனிக்கிழமைக்குள் நிற்காவிட்டால், மயிலிட்டியிலிருந்து மீன் கொண்டுவரும் இரத்தினம்மாவின் கடகத்தில் ஏற்றி அனுப்பிவிடுவதென்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். இரத்தினம்மாவோ, உதுக்கு நாவூறு ரீச்சர், மூண்டு செத்தல் மிளகாயைச் சுத்தி அடுப்பிலை போடுங்கோ என்றாள். பரிசோதனை என்ற அளவில் போட்டுப் பார்த்தேன். நான் இருமினேன், அவன் மறுபடியும் வாந்தியெடுத்தான்.

பிறகு மாட்டு டாக்குத்தரிடம் கொண்டுபோனேன். பூனையைக் கண்டு சிரித்தாலும் நல்ல கேள்வி ஒன்று கேட்டார்: வாறது முழுசாய் வருதோ, செமிச்சு வருதோ? முழு மீனாகவே வருகிறது என்றேன். அப்ப உவர் அவதியிலை விழுங்கிறார், பரந்த தட்டிலை கொஞ்சங் கொஞ்சமாய்க் குடுங்கோ என்றார். ஏன் இந்த அவசரம் என்று அறிய, மறுநாள் அப்பா ஜெபம் பண்ணும்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். ஆமென் சொன்ன பிறகுதான் பூனைக்கும் தட்டு, இந்த வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியும். மேசைக்கடியில் மீன் மணத்தில் அவன் வாலை அடித்துக்கொண்டு அழுகிறான். ஜெபம் சுவர் மணிக்கூட்டில் பதினொரு நிமிடம். நீ இருந்த காலத்தில் மூன்று நிமிடம். மிச்சம் எட்டும் உனக்கு. தெருவில் பனி வழுக்காதிருக்க, உன் நெஞ்சில் சளி கட்டாதிருக்க, நிலத்தடி ரயிலின் கதவு உன் சட்டையைப் பிடிக்காதிருக்க, வீட்டுக்காரியின் மனம் இளக. ஆறு கிழமையாய் உன் கடிதம் இல்லை, ஆகவே தெரியாததையெல்லாம் ஆண்டவரிடம் விசாரிக்கிறார். ஆமென் கேட்டதும் பிலாத்து நாலு மீனை ஒரே மூச்சில் விழுங்குகிறான், அந்த நாலும் திரும்பி வருகின்றன.

பூனைக்கு முதலில் கொடுப்போம் என்று அப்பாவிடம் சொன்னேன். இந்த வீட்டிலை ஜெபத்துக்கு முன்னம் ஒருத்தரும் வாய் வைச்சதில்லை என்றார். அப்ப ஜெபத்தைக் குறையுங்கோ என்றேன். மறுநாள் பார்க்கிறேன், குசினியில் பூனைத் தட்டுக்கு மேல் கையை நீட்டி, ஒரே வரியில் தனி ஜெபம் பண்ணிவிட்டு, மீனைப் பிய்த்துப் பிய்த்து வைக்கிறார். செவ்வாய் தொடக்கம் வாந்தி இல்லை. சனிக்கிழமை இரத்தினம்மா கடகத்தைச் சரித்துக் காட்ட, அது இஞ்சைதான் நிக்கும், நீ மீனைத் தா என்றார் அப்பா.

எங்கள் ஜெபம் இன்னும் பதினொரு நிமிடம்தான். சோறு ஆறுகிறது. ஆனாலும் அந்த எட்டு நிமிடத்தில் வெட்டிவிடக்கூடிய வரி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கம்பளிக் காலுறை போடு. கிழமைக்கு இரண்டு வரியாவது எழுது, தெருவில் பனி கரைந்துவிட்டது என்று எழுதினாலும் போதும், அந்த ஒன்றையாவது அப்பா கேட்க வேண்டியதில்லை.

அன்புள்ள அம்மா,
தேவமலர்