மருந்துக்கடை அம்மா சொன்ன இரண்டு வார்த்தை

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். நீயும், நீ அங்கே வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் பெரியவரும் சுகம்தான் என்று வைத்துக்கொள்கிறேன். போனிலேயே பேசலாம்தான். ஆனால் உன் தம்பி பேச்சை எடுத்தாலே "அடுப்புல வச்சிருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். எந்நேரமும் அந்த அடுப்பில் என்னதான் வேகிறதோ. கடிதத்தைப் பாதியில் மடித்துவைத்தாலும் மறுபடி பிரிப்பாய். அதனால் எழுதுகிறேன்.

மகளுக்குத் தலை பின்ன எனக்கு வந்துவிட்டது. ஒரு பின்னல் மட்டும் கொஞ்சம் மேலே ஏறி நிற்கிறது. "அப்பா, பஸ் வளைவுல திரும்புற மாதிரி இருக்கு" என்கிறாள். சமையலறைக் குழாயை மாற்றிவிட்டேன். புதுக் குழாயும் ஒழுகுகிறது.

இங்கே பனி இறங்கிவிட்டது. காலையில் முதல் நடைக்கு பஸ்ஸை எடுத்தால் கண்ணாடிக்கு முன்னால் ஊரே இல்லை. கட்டடங்கள் ஒவ்வொன்றாக வெள்ளையிலிருந்து வெளியே வந்து, எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகின்றன. அந்தப் பனிக்குள் நிறுத்தத்துக்கு நிறுத்தம் உன் தம்பி நிற்கிறான். சுவரொட்டிதான். மேலே "கருணை காட்டுங்கள்" என்று எழுதி, கீழே அவன் முகம். நம் கல்யாணத்தில் எடுத்த படம். எண்ணெய் வழிய வாரிய தலையோடு, என்னிடம் கேட்காமல் எடுத்துப் போட்ட சட்டையோடு நிற்கிறான். படம் என்று தெரிந்திருந்தும் பிரேக்குக்குக் கால் தானாகப் போகிறது, ஏறத்தான் நிற்கிறானோ என்று.

எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது என்பது உனக்குத் தெரியாததா? சாப்பிட்ட தட்டை எடுக்கமாட்டான். "அக்காவ உங்களுக்குக் குடுத்ததே நான்தான்" என்று பெரிய மனிதன்போல் பேசுவான். அவனுக்காக நான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். தூக்குக்கு எதிரான மேல்முறையீடும் தள்ளுபடியானதும், இனிக் கருணை மனு ஒன்றுதான் மிச்சம் என்றார் வக்கீலம்மா. அவன் வேலை பார்த்த மருந்துக்கடைக்காரர் கொலையான அன்று, கடையிலிருந்து அவன் மழையில் ஓடியதைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னாரே ஒருவர், அவரே இப்போது முதுகைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை என்கிறார். நீதிமன்றம் ஏற்கவில்லை. இவ்வளவு தாமதமாக வந்து சொன்னால் செல்லாதாம். அதற்குப் பிறகுதான் ஊர் பேச ஆரம்பித்தது. முதலில் கல்லூரிப் பிள்ளைகள் கிளம்பினார்கள். பிறகு டெப்போவில் என் முகத்தைப் பார்க்காமல் நடந்தவர்கள்கூடக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு நாள் காலையில் மருந்துக்கடைக்காரரின் மனைவி என் பேருந்தில் ஏறினார். எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். எல்லாரும் இறங்கிப் போனார்கள், அவர் மட்டும் இறங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் இன்ஜினை அணைத்தேன். வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. மேகத்துக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதுபோல் இருந்தது.

"உங்க மச்சான் செஞ்சானா?" என்று கேட்டார். கோபமே இல்லை. வழி கேட்பதுபோல் கேட்டார்.

எனக்குப் பொய் வரவில்லை. "தெரியலம்மா. நான் அங்க இல்ல. ஆனா மருந்து கொண்டுபோற வீட்ல வயசானவங்க இருந்தா, மாத்திரைய உரிச்சுக் கையில குடுத்துட்டுதான் வருவான். அதனாலதான் லேட்டாகும். அதுக்குத்தான் உங்க வீட்டுக்காரர் அவனத் திட்டுனாரு, இவனும் பதிலுக்குக் கத்துனான். அந்தக் கையி இதச் செஞ்சிருக்கும்னு எனக்கு நெனைக்க வரல" என்றேன்.

கண்ணாடியில் படிந்த ஈரத்தை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்திலும் வெள்ளைதான் தெரிந்தது. பிறகு சொன்னார்: "எனக்குத் தெரியும்னுதான் இவ்வளவு நாளா நெனச்சுட்டிருந்தேன். வீடு பூரா எனக்காகக் கோவப்படுறவங்கதான். அவர நெனச்சு அழக்கூட எனக்கு எடம் இல்ல." திரும்பும் நடையில் அவரை அவருடைய தெருமுனையில் இறக்கிவிட்டேன். இரண்டு அடியில் பனி அவரை மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை நகர மன்றத்துக்கு முன்னால் கூடினோம். கோஷம் வேண்டாம் என்று முன்னமே பேசிவைத்திருந்தோம். பனியில் கூட்டம் எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. முடியவே இல்லையோ என்றும் தோன்றியது. மகள் என் தோளில் இருந்தாள். அந்த அம்மா படியேறி மைக் முன்னால் வந்து நின்றபோது மகளின் கால்களை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"செத்தவரு என் வீட்டுக்காரரு. யாரு செஞ்சாங்கன்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது. தெரியாம ஒரு உயிர என் பேரச் சொல்லி எடுத்துடாதீங்க" என்றார். அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டார். தூரத்தில் ஒரு சைக்கிள் மணி அடித்து ஓய்ந்தது.

இந்த வாரம் உத்தரவு வந்துவிட்டது. தூக்கு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. விடுதலை இல்லை, தண்டனையும் குறையவில்லை. மனுவைப் பார்த்து முடிவு சொல்லும்வரை அவன் உயிருக்கு ஒன்றும் வராது.

அவனைப் போய்ப் பார்த்தேன். இளைத்திருக்கிறான். செய்தியைச் சொன்னதும் தன் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு, "மாமா, அடிக்கடி உங்க பஸ்ல போற மாதிரி கனவு வருது. பஸ்ஸு தண்ணி மேல போகுது. கூப்பிட்டா நீங்க திரும்பியே பாக்கமாட்டேங்கறீங்க" என்றான். ஓட்டும்போது திரும்பிப் பார்த்தால் மெமோ கொடுப்பார்கள் என்றேன். சிரித்தான். எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. கிளம்பும்போது, "அக்கா எதாவது எழுதுனாளா?" என்றான். தபால் தாமதம் என்றேன். எனக்காக அதை நம்பினான்.

உன்னைக் கேள்வி கேட்க இதை எழுதவில்லை. வேலைக்குக் கிளம்பிப் போகும்போது வாசலில் நின்று நீ என்னிடம் சொன்னதை யாருக்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அம்மா இல்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நீ. உனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அது எத்தனை கனம் என்று எனக்குத் தெரியும். அதை இறக்கிவை என்று சொல்ல நான் யார்?

அவனை நம்பு என்று கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. நானே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். உன் கையெழுத்து இல்லை என்று அவன் கண்டுபிடித்துவிடுவான்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னையே நினைத்திருக்கும்,
பஸ்காரன்