நல்ல சுகம் என்ற ஐயா

7 கார்த்திகை, திங்கள்

விடாத மழை. கிணறு வாய்மட்டும் தண்ணீர். யாழ்ப்பாணத்து மறியல்சாலையில் வயிற்றோட்டம் பரவுகிறது. இரண்டு பேர் செத்துவிட்டார்களாம். எழுபது தாண்டிய, எழும்ப மாட்டாத வருத்தக்காரக் கைதிகளை டொக்குத்தர் பார்த்து எழுதிக்கொடுத்தால் வீட்டுக்கு விடுவார்கள். என்னைப் பெற்ற ஐயாவுக்கு எழுபத்து நாலு. இருதயம் பழுது, கால் இரண்டும் வீக்கம். எல்லை வேலிச் சண்டையில் பக்கத்து வளவுக்காரரை வெட்டிக் கொன்றது ஐயாதான், நான் மறைக்கவில்லை. இன்னும் மூன்று வருடம் பாக்கி. அதுவரை எங்கே தாங்கப் போகிறார்.

டொக்குத்தர் வியாழன் வருகிறார். நாளை கொடுத்துவிட: சலவை வேட்டி, திருநீறு, சவர்க்காரம்.

10, வியாழன்

பஸ் வழியில் இரண்டு தரம் சோதனை. மறியல் வாசலில் காத்து நின்று கால் விறைத்துவிட்டது. காவலர் புத்தூர் ஆள், நல்ல மனிதர். அவர்தான் வந்து சொன்னார். டொக்குத்தர் உள்ளே வந்ததும் ஐயா சுவரைப் பிடித்து எழும்பி நின்றாராம். குளித்து, சவரம் செய்து, திருநீறு பூசி, நான் அனுப்பிய வேட்டியோடு.

"என்ன பெரியவர், சுகமோ?"

"ஓம், நல்ல சுகம்."

அவ்வளவுதான். டொக்குத்தர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். கலியாண வீட்டில் கேட்டதுபோல ஒரு மறுமொழி! எனக்கு வந்த ஆத்திரம். வேட்டி அனுப்பிய நான் அதைவிட மடைச்சி.

11, வெள்ளி

ஐயாவின் அறையில் இன்னொருவருக்கும் வயிற்றோட்டம் தொடங்கிவிட்டதாம். டொக்குத்தர் செவ்வாய் திரும்ப வருவார். காவலர் கெஞ்சி ஐயாவின் பெயரைச் சேர்ப்பித்திருக்கிறார்.

12, சனி

கம்பிக்கு வெளியே நின்று ஐயாவுக்குப் படிப்பித்தேன். வேட்டி வேண்டாம், பழைய சாரம் உடுத்தால் போதும். எழும்பக் கூடாது. "சுகமில்லை" என்று சொல்ல வேண்டும்.

"பெரிய மனிசர் வந்து கேக்கிறார். படுத்துக்கொண்டு மறுமொழி சொல்லுறதோ?"

ஓம், படுத்துக்கொண்டுதான் என்றேன்.

"ஏலாதெண்டு பிறத்தியாரிட்டைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, பிள்ளை."

ஆளை வெட்டினவருக்கு இதற்கு வெட்கம். வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். வீக்கம் முழங்காலுக்கு ஏறிவிட்டது.

15, செவ்வாய்

படுத்தே இருந்தாராம். என்ன கேட்டும் வாய் திறக்கவில்லையாம். டொக்குத்தர் வீங்கின காலை அமத்திப் பார்த்துவிட்டு எழுதிக்கொடுத்துவிட்டார். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

17, வியாழன்

மழை விட்டது. வாடகைக் கார். வழி முழுக்க ஐயாவின் தலை என் மடியில். வீடு வந்து சேர பின்னேரம் நாலு மணி ஆகிவிட்டது. பக்கத்து வளவு வேலியை ஒருதரம் பார்த்தார், பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை. முன்வீட்டார் வந்து சுகம் கேட்டார்கள். எழும்பி இருக்கப் பார்த்தார். "நல்ல சுகம்" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர்கள் படலையைச் சாத்திக்கொண்டு போனதும் என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, சுகமில்லை."

கார் போய்விட்டது. ஆறு மணிக்கு ஊரடங்கு, அதற்குள் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வாகனமில்லை. ஐயாவின் கால் இரண்டும் சில்லிட்டிருக்கிறது.