கண்மாய்த் தொட்டியை நான் தொடவில்லை

பசுவந்தனை,
ஐப்பசி 22

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு அப்பா எழுதுவது. மதுரை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பாப்பா எப்படி இருக்கிறாளோ, அப்படித்தான் நானும் இங்கே. நீ போனை எடுப்பதில்லை. அதனால் அங்கே உன்னோடு இருக்கும் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பும் மாற்றுச் சேலைக்குள் இதை வைத்திருக்கிறேன்.

இங்கே இரண்டு மழை. கரிசல் ஒட்டி என் செருப்பு என்னைவிடக் கனம். உளுந்து முளைத்துவிட்டது.

உன் தொட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிக்கென்று ஒன்றில் பண்ணைக் கெண்டை முட்டையும், மற்றதில் நம்மூர்க் கண்மாயில் தானாக வளரும் கெண்டை முட்டையும் போட்டாய். மறுநாளே உனக்கு வலி வந்துவிட்டது. எந்தக் குஞ்சு தன் மஞ்சள் கருவை எத்தனை நாள் வைத்துச் செலவழிக்கிறது என்று பார்த்து எழுதினால் போதும், வேறெதுவும் செய்ய வேண்டாம் என்றாய்.

நீ என்னை ஊருக்கு அனுப்பிய மறுநாள் பொரிந்தன. பண்ணைக் குஞ்சுகள் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தன. பசி என்று நினைத்துக் கடலைப் பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றினேன். கண்மாய்க் குஞ்சுகள் எப்படியும் பிழைக்கும் என்று விட்டுவிட்டேன். விடிந்தால் பண்ணைத் தொட்டி நாறுகிறது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் கவனிக்காததெல்லாம் நன்றாக இருந்தது. உன் நோட்டில், ‘இறந்த காரணம்: அப்பா’ என்று எழுதிவைத்தேன்.

மீன்வளத்துறை முத்துசெல்வம் வந்து பார்த்தார். “அண்ணாச்சி, மூணு நாளைக்கு வேண்டியது அது வயித்துலயே இருக்கு. நீங்க சும்மா இருந்திருந்தாலே போதும்” என்றார்.

அன்றிலிருந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நர்சம்மா வேண்டாம் என்று சொல்லியும், தாத்தா குணம் வரட்டும் என்று பாப்பா நாக்கில் சேனை வைத்த விரல். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தவன் குணம் வராவிட்டால் அவளுக்கு என்ன குறைந்துவிடும்? ஒரு சொட்டுக் கருப்பட்டித் தண்ணீர்தானே என்றுதான் வைத்தேன். எட்டு மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு விழுங்கத் தெரியாது என்று எனக்குத் தெரியாது. புரையேறி நீலம் பாய்ந்த அந்த முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. இனி இங்கே வராதீங்க என்று நீ சொன்னது நியாயம்தான்.

நாலாம் நாளிலிருந்து முத்துசெல்வமே வந்து தீனி போடுகிறார். கண்மாய்த் தொட்டியை நான் தொடவில்லை. சும்மா இருக்கப் பழகுகிறேன். அறுபது வயதில் இது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு தடவை வர விடும்மா. கடம்பூர் போளிகூடக் கொண்டுவர மாட்டேன். கண்ணாடிக்கு வெளியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். நீயும் பாப்பாவும் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும்.

உன் அப்பா,
சங்கரபாண்டியன்