நீ திறந்துவைத்த பிராக்கெட்

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் இன்று காலை வந்தார். நம் பழைய டெஸ்க்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "மேடம், ஒரே எடிட்டர ரெண்டு வாட்டி போட்டு வெச்சிருக்கீங்களே, எதுக்கு? ஒண்ணு எடுத்துட்றேன், டிஸ்க்ல ஜாகா மிஞ்சும்."

நீ இருந்திருந்தால் அந்த மனிதர் பாடு திண்டாட்டம்தான். "ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு எனக்கு. ஒங்களுக்கு வேணும்னா மூணாவது போட்டுக்குங்க சார்" என்றிருப்பாய். எனக்கு அந்த வாய் ஏது? "இருக்கட்டும்ணா, கடைசியா எடுத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

திரையின் கீழ்ப்பட்டையில், நிரல் எழுதும் எடிட்டரின் அந்த இரண்டு நீல ஐகான்களும் இன்னும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. இடது பக்கம் உன்னுடையது, வலது பக்கம் என்னுடையது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த டெஸ்க்டாப்பின் சிஸ்டத்துக்கு இனிமேல் அப்டேட் வராதாம். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். துடைப்பதற்கு முன்னால் நான் உன் ஐகானைத் திறந்து ஒரு வேலையை முடித்தாக வேண்டும். அதற்குத்தான் காலையிலிருந்து தைரியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நாம் வேலைக்குச் சேர்ந்த புதிது உனக்கு ஞாபகம் இருக்கும். அடுகோடியில், லேத் பட்டறைக்கு மேல் மாடியில் ஒரே அறை. கல்யாண மண்டபங்களுக்கு புக்கிங் சாஃப்ட்வேர் எழுதும் கம்பெனி. கீழே இரும்பைக் கடையும் சத்தத்தில் பேசுவதெல்லாம் கத்தல்தான். நம் இருவருக்கும் சேர்த்து ஒரே டெஸ்க்டாப். காலையில் நீ, மதியத்துக்கு மேல் நான், நடுவில் சாப்பாட்டு நேரத்தில் இருவரும். நீ இதே ஊரில், ஸ்ரீராம்புரத்தில் பிறந்து, கன்னடம் கலந்த தமிழ் பேசி வளர்ந்தவள், நான் ஆரணியிலிருந்து பெட்டியோடு இறங்கியவள். முதல் நாளே என் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு "ஏய் ஆரணி" என்று கூப்பிட ஆரம்பித்தாய். எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவது வாரம், நீ அப்படிக் கூப்பிடாவிட்டால்தான் கோபம் வந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில் புதிதாக லினக்ஸ் சிஸ்டம் போட்டுக் கொடுத்த அன்று நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மதியம் நான் வரும்போது எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று, சிஸ்டத்தோடு வரும் மென்பொருள் கடையிலிருந்து நீ எடிட்டரை இறக்கிப் போட்டாய். அது தெரியாமல், மறுநாள் காலையில் நீ வரும்போது எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று, நானும் அதே எடிட்டரை அதன் வெப்சைட்டிலிருந்து இறக்கிப் போட்டேன். ஒருத்திக்கு ஒருத்தி உபகாரம்! இரண்டும் ஒரே பெயர், ஒரே முகம். ஆனால் இரண்டும் தங்கள் செட்டிங்குகளைத் தனித்தனி ஃபோல்டரில் வைத்துக்கொண்டன. கீழ்ப்பட்டையில் இருந்த ஐகானைத் தட்டினால் ஒன்று திறக்கும். ஃபைலை டபுள் கிளிக் செய்தால் மற்றது திறக்கும். அது நமக்கு யாருக்குத் தெரியும்?

நான் கறுப்புத் திரை வைத்துவிட்டுப் போவேன். வந்து பார்த்தால் வெள்ளை. நீ எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுப் போவாய். வந்து பார்த்தால் எறும்பு சைஸ். கூடுதல் வசதிக்கு நான் போட்ட எக்ஸ்டென்ஷன் ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது.

"எதுக்குடி சும்சும்னே என்னோடத மாத்தற? ஒனக்கு இருட்டுதான் வேணும்னா சினிமா தியேட்டர்ல போயி டார்ச் அடி, போ!"

"நான் ஏன் மாத்தறேன்? நீதான் நான் போட்டதையெல்லாம் எடுத்து எடுத்து எறியற!"

அதற்கப்புறம் பேச்சு நின்றது. சாப்பாட்டு நேரத்தில் நீ டிபன் பாக்ஸை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிட்டாய். ஆனாலும் உன் அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டுத் தொக்கில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டாய். பேசவில்லை, தள்ளினாய், அவ்வளவுதான். நானும் பேசவில்லை, தின்றேன்.

பிறகு ஒரு மதியம் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், நிரலில் ஒரு தப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். நீ ஐகானைத் தட்டினாய், வெள்ளையாகத் திறந்தது. நான் மௌஸைப் பிடுங்கி ஃபைலைத் தட்டினேன், அதன் பக்கத்திலேயே கறுப்பாக இன்னொன்று திறந்தது. இருவரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

"ஐயோ, ரெண்டு இருக்குதுடி ஆரணி!" என்று கத்தினாய். லேத் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும். நீ சிரித்த சிரிப்பில் நாற்காலியின் உன் பாதியிலிருந்து நழுவி, கீழே உட்கார்ந்தும் சிரித்தாய்.

ஒன்றை எடுத்துவிடலாம் என்றேன். "பேடா, வேணாம், இருக்கட்டும். ஒண்ணு ஒனக்கு, ஒண்ணு எனக்கு. சண்ட தீந்துது" என்று என்னுடையதன் ஐகானையும் கீழ்ப்பட்டையில் உன்னுடையதன் பக்கத்தில் வைத்தாய். பிற்பாடு ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வந்தது. அப்போதும் நீ அந்தப் பழைய டெஸ்க்டாப்பை விடவில்லை. நான் புதியதுக்கு மாறிய பிறகும், என் ஐகானை உன் பக்கத்திலேயே விட்டுவைத்தாய்.

உன் எடிட்டரில் நீ செய்துவைத்த ஒரு காரியம் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. நிரலில் ஒரு பிராக்கெட்டைத் திறந்தால் எங்கேயாவது அதை மூட வேண்டும். இல்லாவிட்டால் சிவப்புக் கோடு விழும். இந்தக் காலத்து எடிட்டர்கள் நாம் திறந்த உடனே தாமே ஒன்றை மூடிப் போட்டுவிடும். நீ செட்டிங்கில் போய் அதை நிறுத்திவைத்தாய். "தொறந்தவ நானு, மூடறவளும் நானு. நடுவுல இது யாரு?" என்றாய்.

என்னுடையதிலும் நிறுத்தவைத்தாய், அது நமக்குள் சட்டமாகிவிட்டது. என் திரையில் சிவப்புக் கோட்டைப் பார்த்தால் அங்கிருந்தே குரல் கொடுப்பாய், "யாரு தொறந்தது?" என்று. "நான்தான்டி" என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டும். "அப்ப மூடு." தண்ணீர்க் குழாய், ஜன்னல், பிஸ்கட் பாக்கெட், நம் சண்டைகள் எல்லாவற்றுக்கும் அதே சட்டம்தான். ஒருத்தி திறந்ததை இன்னொருத்தி தொடக் கூடாது.

கடைசியாக நீ எழுத உட்கார்ந்தது, ஒரே மண்டபத்தை ஒரே தேதிக்கு இரண்டு வீட்டார் கேட்டால் என்ன செய்வது என்ற விஷயம். முதலில் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டு மற்றவரை அனுப்பிவிட வேண்டியதுதான் என்றேன் நான். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு பேருக்கும் சொல்லணும்டி. பேசிப் பாத்தா யாராவது ஒருத்தர் தேதிய மாத்திக்குவாங்க. கல்யாணம் பண்றவங்கள மூஞ்சில அடிச்ச மாதிரியா அனுப்பறது?" எழுத ஆரம்பித்தாய். தேதி ஒன்றாக இருந்தால் என்று எழுதி, பிராக்கெட்டைத் திறந்தாய். அப்புறம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுந்து பையை எடுத்தாய்.

"பிராக்கெட் தொறந்திருக்கு பாரு."

"தல வலிக்குது. நாளைக்கு வந்து மூடிக்கறேன். நீ கை வெச்சே, கை இருக்காது!"

நீ வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி என்றார்கள். அப்புறம் சொன்னதை நான் எழுத மாட்டேன்.

ஸ்ரீராம்புரத்தில் உன் வீட்டு வாசலில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். "எம்பொண்ணு ஆபீஸ்ல ஏதாவது பாதில வுட்டுட்டுப் போயிருக்காளாம்மா? அவ எதயும் பாதில வுடமாட்டாளே."

"ஒண்ணே ஒண்ணு இருக்கும்மா. நான் முடிச்சிடறேன்."

சொல்லிவிட்டேன். முடிக்க முடியவில்லை. ஆபீஸுக்கு அவசரமாக வேண்டியிருந்தது என்று என் கம்ப்யூட்டரிலேயே என் வழியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். முதலில் கேட்டவருக்கு மண்டபம், மற்றவருக்கு 'இல்லை' என்று ஒரு வரி. உன் ஃபைலைத் தொடவில்லை. நீ அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, சேமிக்கவுமில்லை. அந்த எடிட்டர் நல்லது. மூடித் திறந்தாலும், சேமிக்காத பக்கத்தையும் விட்ட இடத்திலேயே கொண்டுவந்து காட்டும். எப்போதாவது திறந்து பார்ப்பேன். வெள்ளைத் திரை, பெரிய எழுத்து, அந்தப் பிராக்கெட், அதன் கீழே சிவப்புக் கோடு. நாளைக்கு வருகிறேன் என்றவள் இன்னும் வரவேண்டியிருக்கிறது என்பதுபோல் இருக்கும். மூடிவிட்டால் நீ வரமாட்டாய் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதனால்தான் அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தையை இத்தனை நாள் இழுத்தடித்தேன். போதுமாடி?

"மேடம், பேக்கப் ஆயித்தா? ஃபார்மேட் போட்றவா?" என்று ரிப்பேர்காரர் மறுபடியும் கேட்டார்.

"டீ குடிச்சிட்டு வாங்கண்ணா."

அவர் இறங்கிப் போனதும் உன் ஐகானைத் தட்டினேன். எழுத்தை மட்டும் காப்பி செய்துகொள்ளலாம், ஒரு நொடி வேலை. ஆனால் நீ விட்ட இடத்தில் நிற்கும் அந்தக் கர்சரை எந்தப் பென்டிரைவில் எடுத்துப் போவது? அதன் பக்கத்தில் கையை வைத்தேன். நீ சொன்ன வழியில்தான் எழுதினேன். இரண்டு வீட்டாருக்கும் சொல்ல வேண்டும், இரண்டு நாள் பொறுக்க வேண்டும், யாராவது விட்டுக்கொடுத்தால் மற்றவருக்குத் தேதி. கண்ணீர் மறைத்ததில் இரண்டு இடத்தில் தப்பாக அடித்துத் திருத்தினேன். கடைசியில் பிராக்கெட்டை மூடினேன். சிவப்புக் கோடு போய்விட்டது. கை இருக்காது என்றாயே, வந்து வெட்டடி, கையை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

என் வழியை எடுத்துவிட்டு உன் வழியை சாஃப்ட்வேரில் சேர்த்துவிட்டேன். உன் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"முடிஞ்சிடுச்சும்மா. அவ சொன்ன மாதிரியே முடிச்சிட்டேன்."

"செரிம்மா. இந்த ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. தொக்கு பண்றேன்" என்றார்கள்.

மதியத்துக்குள் எல்லாம் துடைத்துப் புதிதாகப் போட்டாகிவிட்டது. இந்த முறை ஒரே ஓர் எடிட்டர்தான். இனி நான்தான் இந்தக் கம்ப்யூட்டரில் உட்காரப்போகிறேன். திரையைக் கறுப்பாகத்தான் வைத்தேன், அதில் உனக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டேன், வயதாகிறது. பிராக்கெட்டைத் தானே மூடும் செட்டிங்கைத் தேடிப் போய் நிறுத்தினேன். வேலை பார்க்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே, புதிய கம்ப்யூட்டரில் பழக்கம் விட்டுப்போனதால், ஒன்றை மூட மறந்துவிட்டேன். சிவப்புக் கோடு விழுந்தது. அறையில் யாரும் இல்லை, கீழே லேத் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தான்டி" என்றேன். மூடினேன்.